நூறு முறை விடுகிறவன்

போர்ட் பிளேர் லம்பா லைனில் பக்தவத்சலம் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஈஸ்வரன் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குத் தரையில் விழுவான். கால் இடறி அல்ல, வேண்டுமென்றே விழுவான். துறைமுக ஜெட்டியில், கரைக்கு வரும் கப்பலுக்குக் கயிறு பிடிக்கிற வேலை அவனுக்கு. அது முடிந்து வந்ததும் நாற்காலிகளைத் தூக்கிக் கட்டில்மேல் கவிழ்த்துவிட்டு, தென்னை நார் மெத்தை இரண்டைப் பலகைத் தரையில் போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டுவான். அப்புறம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விழுந்துகொண்டே இருப்பான். விழும்போது உள்ளங்கை பளீரென்று பாயில் அறையும். ஜூடோ பழகுகிறவனுக்கு அடிபடாமல் விழுவதுதான் முதல் பாடம்.

அது பலகை வீடு. மேலே ஊசி விழுந்தாலும் கீழே கேட்கும். பக்தவத்சலம் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நேரத்துக்குச் சரியாகச் சாயா கிளாஸோடு வாசலில் உட்காருவார்.

“அரே ஈஸ்வரா, பஸ் கரோ, போதும்ப்பா! சாயால தூசி கொட்டுது. உன் வீட்ல தெனமும் யாருய்யா விழுறா?”

“நான்தான் சார்.”

“நாலு மணிக்கு விழுந்தவன் அஞ்சரைக்குத்தான் எந்திரிக்கிறே. தூக்கிவிட ஆள் வேணும்னா சொல்லு, நான் வரேன்.”

மனுஷர் கேலி பேசுவாரே தவிர, வீட்டைக் காலி பண்ணு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

விழுந்து முடித்ததும் மல்லாந்து படுத்து, இறால் துள்ளுகிற மாதிரி இடுப்பை ஒடித்து ஒடித்து, அறையின் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவருக்குப் போவான். மேலே ஒருவன் அழுத்திக்கொண்டு கிடந்தால் அடியில் இருந்து நழுவ அது உதவும். பிறகு குதிகாலிலும் தோளிலும் நின்று உடம்பை வில்லாக வளைப்பான். ஜன்னல் கம்பியில் ஒரு பழைய சைக்கிள் டியூபைக் கட்டி வைத்திருக்கிறான். அதன் இரண்டு முனையையும் எதிராளியின் சட்டைக் காலர் மாதிரி பற்றி, திரும்பித் திரும்பி இருநூறு தடவை இழுப்பான். எதிரே ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு தனியாளாகச் செய்கிற வேலை இது எல்லாம். ஊரில் சங்கம் இருக்கிறது, பாய் போட்ட கூடம் இருக்கிறது, கூப்பிட ஆளும் உண்டு. பதினொரு வருஷமாக அந்தப் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்ததில்லை.

கடைசியாகக் கோணிப் பொம்மையை எடுப்பான். சாக்கில் தேங்காய் நாரை அடைத்து, பழைய கம்பளியைச் சுருட்டிக் கை தைத்த பொம்மை அது. அதன் கையைத் தொடைகளுக்கு நடுவே பிடித்து, முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் பூட்டுப் போடுவான். போட்டதும் தன் குதிகாலாலேயே தரையை இரண்டு முறை தட்டுவான். தட்டிய அந்த நொடியே கையை விட்டுவிடுவான். மறுபடி பிடிப்பான், தட்டுவான், விடுவான். இப்படி நூறு தடவை.

அவன் மனைவி மீனா அரிசி புடைத்துக்கொண்டே இதைப் பார்ப்பாள்.

“புடிக்கிறதுக்குப் பழகுறவங்களப் பாத்திருக்கேன். விடுறதுக்குப் பழகுற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

“கைக்கு வரணும்ல.”

“பொம்ம கைதானே? விடாமக் கெடந்தா அது என்ன அழவா போகுது?”

அவன் முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டை எடுத்து மூடிக்கொள்வான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வீட்டில் ஒரு பல்லியை இருக்க விடமாட்டான். தகரக் கூரைக்கடியில் ஒன்று தலைகாட்டினால் போதும், விளக்குமாற்றோடு நாற்காலிமேல் ஏறிவிடுவான். சகுனத்துக்குப் பயந்த ஆள் என்று மீனா நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பல்லிச் சங்கதியைச் சொல்ல, உறவுமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈஸ்வரனின் அப்பா வெள்ளைச்சாமியும், மீனாவின் அம்மா சந்திரமதியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முதுகுளத்தூர்ப் பக்கம். வெள்ளைச்சாமி அந்தமானின் லாங் ஐலண்டில் மர மில் ஓடிய காலத்தில் கப்பலேறி வந்து, பின்னால் தங்கையையும் வரவழைத்து, அதே மில்லில் வேலைபார்த்த கமுதிக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார். வெள்ளைச்சாமிக்கு ஈஸ்வரன் ஒரே பிள்ளை. சந்திரமதிக்கு இரண்டு: மூத்தவன் விஜயன், இளையவள் மீனா. ஆக விஜயன் ஈஸ்வரனுக்கு அத்தை மகன், இப்போது பெண்டாட்டியின் அண்ணன். ஈஸ்வரனுக்கு ஒரு வயது இளையவன். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

பல்லி சொன்னால் விரலை மடக்கித் தரையைத் தட்டுவது நம் வீடுகளில் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். சந்திரமதி அதில் ஒரு படி மேலே. சோறு பிசைகிற கையாலும் தட்டுவாள். பிள்ளை விஜயனுக்கும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பரீட்சை எழுதும்போது பெஞ்சைத் தட்டி வாத்தியாரிடம் அடி வாங்கியவன் அவன்.

பழைய மில் கொட்டகையில்தான் இரண்டு பேரும் ஜூடோ பழகினார்கள். ஜூடோவில் கையைப் பூட்டினால், மாட்டிக்கொண்டவன் பாயைத் தட்டுவான். தட்டினால் தோற்றேன், விடு என்று அர்த்தம். அந்த நொடியே விட்டுவிட வேண்டும். பயல்கள் ஒருத்தனை நம்பி ஒருத்தன் கையைக் கொடுப்பதே அந்த நம்பிக்கையில்தான்.

சென்னையில் நடக்கும் போட்டிக்கு அவர்கள் எடைப் பிரிவில் ஓர் ஆள்தான் போகலாம் என்று ஆனது. அதற்கு ஒரு வாரம் முன்பு பயிற்சியில் ஈஸ்வரன் விஜயனின் கையைப் பிடித்திருந்தான். உத்தரத்தில் பல்லி சொன்னது. விஜயன் பாயைத் தட்டினான். ஈஸ்வரன் விட்டான். விட்டதும் விஜயன் புரண்டு எழுந்து அவனை அமுக்கிவிட்டான்.

“டேய், தட்டினல்ல?”

“அது பல்லிக்குத் தட்டினது மச்சான்!”

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. ஈஸ்வரனும் சிரித்தான். வீட்டுக்குப் போன பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வு நாளில் விஜயன் அவனை மூன்று தடவை தூக்கிப் போட்டான். ஒவ்வொரு தடவையும் “எந்திரிங்க மச்சான், பாய் அழுக்காவுது” என்றான். அவன் வாய் அப்படி, மனசில் ஒன்றும் கிடையாது. நாலாவது தடவை தரையில் உருண்டபோது விஜயனின் இடது கை ஈஸ்வரனிடம் மாட்டியது. அவன் பூட்டினான். விஜயன் தட்டினான். ஈஸ்வரன் காதில் அது விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அவன் விடவில்லை. பச்சைக் கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

கொட்டகையில் யாரும் மூச்சுவிடவில்லை. அந்த அமைதியில், எல்லாம் முடிந்த பிறகு, உத்தரத்தில் பல்லி சொன்னது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் என்கிற பெரியவர் பழக்கதோஷத்தில் பெஞ்சைத் தட்டினார். அதைப் பார்த்ததும் ஈஸ்வரனின் வாய் தானாகத் திறந்தது.

“பல்லிக்குத் தட்டுறான்னு நெனச்சேன்! சாமி சத்தியமா பல்லிக்குன்னு நெனச்சேன்!”

எல்லோரும் நம்பினார்கள். போன வாரம் நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள்தானே. பல்லி முன்னால் சொன்னதா பின்னால் சொன்னதா என்று அந்தக் களேபரத்தில் யார் கவனித்தார்கள்? அலை அதிகம் என்று இரண்டு நாள் போட் வரவில்லை. மூன்றாம் நாள் போர்ட் பிளேர் கொண்டுபோய்ச் சேர்த்தபோது முழங்கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்தக் கை இன்றைக்கும் முக்கால் அளவுதான் நீளும். ஈஸ்வரன் சென்னைக்குக் கப்பலேறினான். முதல் ஆட்டத்தில் நாற்பது வினாடியில் தோற்றுத் திரும்பினான்.

அவனை யாராவது திட்டியிருந்தால் பிழைத்திருப்பான். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சந்திரமதி அத்தை தன் மகனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, “பல்லி சொன்னதுக்கு இந்தப் புள்ள என்ன பண்ணும்?” என்று ஈஸ்வரனுக்காகப் பரிந்து பேசினாள். அதோடு நின்றாளா? பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி சொன்ன திசைக்குப் பலன் பார்த்தாள். உறவு கூடும் என்று போட்டிருந்ததாம். மறு வருஷம் மீனாவை அவனுக்கே கொடுத்தாள். கல்யாணப் பந்தியில் விஜயன் மடங்கின கையோடு இலைபோட்டபடி, “எங்க வீட்டுச் சம்பந்தத்தப் பேசி முடிச்ச தரகர் உத்தரத்துல இருக்காரு” என்று கூரையைக் காட்டினான். பந்தி முழுக்கச் சிரிப்பு. ஈஸ்வரன் தலை குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்றார்கள்.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கதை வந்துவிடும். அவனுக்குப் ‘பல்லி மச்சான்’ என்று பேரே விழுந்துவிட்டது. அதனால்தான் போர்ட் பிளேரில் வேலை கிடைத்ததும் வந்துவிட்டான். ஒருவன் கையை இன்னொரு முறை பிடிக்கிற தகுதி தனக்கு இல்லை என்று கூடத்துப் பக்கம் போகவில்லை. உடம்பு கேட்கவில்லை, பழகியது பழகியதுதான். அதனால்தான் வீட்டில், கோணிப் பொம்மையோடு.

போன மாசம் விஜயன் போன் பண்ணினான்.

“மச்சான், கைய ஆஸ்பத்திரில காட்ட வரேன். ஒரு வாரம் ஒங்க வீட்லதான் டேரா. இன்னொரு விசயம், முப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்குப் போட்டி வச்சிருக்காங்க. நான் பேர் குடுத்துட்டேன்.”

“கை?”

“கோணக் கையிலயும் ஆடப் பழகிட்டேன் மச்சான். ஒங்க வீட்டுப் பாய்ல ஒங்ககூட ஆடணும். பதினோரு வருசமாச்சு.”

அன்றைக்கு ஈஸ்வரன் பொம்மையை நூற்றைம்பது தடவை விட்டான்.

விஜயன் வந்தான். ஒரு கையில் கருவாட்டுப் பொட்டலம், இன்னொரு கையில் அம்மா காய்ச்சிக் கொடுத்த எண்ணெய்ப் பாட்டில். படி ஏறும்போதே பக்தவத்சலத்தைப் பிடித்துக்கொண்டான்.

“ஒங்க குடித்தனக்காரர் பல்லி மச்சான்னு பேர் வாங்கினவர் தெரியுமா சார்?” என்று ஆரம்பித்து முழுக் கதையையும் கை கால் ஆட்டிச் சொன்னான். கிழவர் இருமுகிற வரைக்கும் சிரித்தார். மாடியில் ஈஸ்வரன் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு விழவே இல்லை.

நாலு மணிக்கு இரண்டு பேரும் பாயில் இறங்கினார்கள். மீனா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். ஈஸ்வரன் காலரைப் பிடித்தான், விட்டான். தோளைப் பிடித்தான், விட்டான். விஜயன் தள்ளியபோது பொத்தென்று விழுந்தான், அழகாக விழுந்தான். உருண்டபோது மடங்கின கை அவன் முகத்துக்கு எதிரேயே வந்தது. தீயைத் தொட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான்.

“என்ன மச்சான், நான் என்ன பொட்டலமா, பிரிஞ்சிருமோன்னு தொடுறீங்க? புடிங்க!”

“புடிக்கிறேன்டா.”

“எங்க புடிக்கிறீங்க? புடிக்கிறதுக்கு முன்னாடி விடுறீங்க.” விஜயன் எழுந்து உட்கார்ந்து, கோணக் கையை அவனிடம் நீட்டினான். “இந்தாங்க. பூட்டுங்க. நான் தட்டுறேன், நீங்க விடுங்க. இங்க பல்லி கில்லி இல்ல, மீனா சொன்னா, எல்லாத்தயும் வெரட்டிட்டீங்களாம்.”

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தக் கை அங்கேயே நின்றது, ஈஸ்வரன் மடிக்கு நேராக. எதிரே ஒரு ஆள் நம்பி உட்கார்ந்திருந்தான். பதினொரு வருஷமாக அவன் செய்த பயிற்சியில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை.

“விஜயா, பல்லி அப்புறந்தான்டா சொல்லுச்சு.”

“எப்ப?”

“அன்னிக்கு. ஒடஞ்சதுக்கு அப்புறம். நீ தட்டினது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தட்டு தட்டின. கேட்டுக்கிட்டேதான் விடல.”

மீனா நிலையில் இருந்து நிமிர்ந்தாள். விஜயன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி. நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான்.

“ரெண்டு இல்ல. மூணு.”

“ரெண்டுடா. எனக்கு நல்லா…”

“ரெண்டு பாயில. மூணாவது ஒங்க தொடையில தட்டினேன். பல்லிக்கு எவனாவது அடுத்தவன் தொடையில தட்டுவானா?” குரல் உயரவில்லை. “அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், ஆட்ட வேகத்துல மச்சானுக்கு ஒறைச்சிருக்காதுன்னு நானே சொல்லிக்கிட்டேன். யார்ட்டயும் அதச் சொல்லல. சொன்னா ஒங்களத் தப்பா நெனப்பாங்கன்னு.”

ஈஸ்வரனின் வலது தொடையில் சூடு போட்ட மாதிரி இருந்தது. அந்த மூன்றாவது தட்டு அவனுக்கு ஞாபகமே இல்லை. தினமும் நூறு தடவை அந்த நொடியைத் திரும்பத் திரும்பச் செய்தவன், அதில் தனக்கு ஆகாத ஒரு தட்டைக் கழித்துவிட்டுத்தான் செய்திருக்கிறான். கழித்தது அவனுக்கே தெரியாது.

விஜயன் எழுந்து சட்டையை எடுத்தான். இடது கை சட்டைக்குள் லேசில் போகாது. மீனா வந்து பிடித்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கும்போது சொன்னான்:

“மரைன் ஹில்ல பொன்னுத்துரை சித்தப்பா வீட்ல இருக்கேன். அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க.”

எண்ணெய்ப் பாட்டில் ஜன்னலோரம் மறந்து கிடந்தது.

மீனா அன்றைக்குச் சமைத்தாள், பரிமாறினாள். பாத்திரம் கழுவும்போது, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்:

“அப்ப என்னக் கட்டிக்கிட்டது?”

“அதுல பொய் இல்ல மீனா.”

“ஒங்க பக்கம் இருந்திருக்காது. எங்க அம்மா எதப் பாத்துக் குடுத்துச்சு?”

சனிக்கிழமைக் காலைப் போட்டில் இரண்டு பேரும் லாங் ஐலண்ட் போனார்கள். அதற்கு முன்பு ஈஸ்வரன் எண்ணெய்ப் பாட்டிலை மரைன் ஹில்லுக்குக் கொண்டுபோய்ப் பொன்னுத்துரையின் மனைவி கையில் கொடுத்தான். விஜயன் உள்ளே இருந்தான். வெளியே வரவில்லை. போட்டில் மீனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நடுவில் பையை வைத்தாள்.

சந்திரமதி அத்தை பின்கட்டில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து சூரை மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க மாப்பிள்ளை! ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? உக்காருங்க. மீனா, அந்த நாற்காலிய எடுத்துப் போடும்மா.”

கல்யாணமான நாளில் இருந்து அவள் அப்படித்தான். தூக்கி வளர்த்த அண்ணன் மகன்தான், ஆனாலும் மாப்பிள்ளை ஆனபிறகு வாய் தவறிக்கூட ‘நீ’ என்று சொன்னதில்லை. அந்த மரியாதை ஒவ்வொரு தடவையும் அவனைக் குத்தும்.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். தட்டியது கேட்டதைச் சொன்னான். மூன்றாவது தட்டைச் சொன்னான். மூன்று தடவை விழுந்த கோபத்தையும், போன வாரத்துச் சிரிப்பையும் காரணமாகச் சொல்லலாமா என்று ஒரு நொடி வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டான்.

அத்தை மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கை அரிவாள்மணையில் அப்படியே நின்றது.

“பல்லி சொல்லவே இல்லியா?”

“சொல்லுச்சு அத்தை. அப்புறம்.”

“அப்ப நான் பஞ்சாங்கத்துல பாத்தது?”

அவன் பார்வை சட்டியில் கிடந்த மீன் துண்டுகளுக்குப் போனது.

“அந்தப் பக்கத்த மடிச்சு வச்சிருந்தேன். வருசா வருசம் பஞ்சாங்கம் மாறும். அது ஒண்ண மட்டும் எடைக்குப் போடாம வச்சிருந்தேன்.” பிறகு சட்டென்று நிமிர்ந்து அவன் கைகளைப் பார்த்தாள், முகத்தை அல்ல. “பதினோரு வருசம் எண்ணெ தேச்சிருக்கேன். ஒரு நா, ஒரே ஒரு நா வந்து சொல்லியிருக்கலாம்ல?”

“வெக்கமா இருந்துச்சு அத்தை.”

“இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்.”

அவள் மறுபடி மீனை நறுக்க ஆரம்பித்தாள். துண்டு துண்டாகச் சட்டியில் போட்டாள். நாற்காலி காலியாகவே கிடந்தது. மீனா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஈஸ்வரன் வெயிலில் நின்றான். போ என்று சொன்னால் போவதற்கும் தயாராகத்தான் நின்றான்.

சட்டி நிறைந்ததும் அத்தை தலை நிமிராமல் சொன்னாள்:

“என்னடா நின்னுக்கிட்டே இருக்க? போய்க் கையக் கழுவிட்டு வா. நீ காலைல எதுவும் தின்னியா இல்லியா?”

பத்து வருஷம் கழித்து அந்த ‘நீ’ அவன் காதில் விழுந்தது. பின்னால் தண்ணீர் டிரம்முக்குப் போனான். கையைக் கழுவினான். கழுவிய கையை மறுபடி கழுவினான். உள்ளே இருந்து அவள் கூப்பிடுகிற வரைக்கும் அங்கேயே கழுவிக்கொண்டு நின்றான்.